திண்டிவனம் கோர்ட்டில் ஒரு பளிங்குக் கல்

கொழும்பிலிருந்து கப்பலும் ரயிலும் மாறி மாறி ஏறி, ஒரு காலையில் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியபோது என் இடுப்பு என் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்தைய சமாச்சாரம் இது. கொழும்பில் ஒரு ரத்தினக் கடையில் கல்லைத் தரம் பிரிப்பது என் உத்தியோகம். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். சோறு போட்டது சிலோன். எங்கள் முதலாளிக்கு மூக்குக் கண்ணாடி வில்லை செய்ய நல்ல பளிங்குக் கல், அதாவது கண்ணாடி போன்ற ஸ்படிகம், வேண்டியிருந்தது. தென்னாற்காட்டில் கிணறு வெட்டும்போது அந்தக் கல் அகப்படுகிறது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். "ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். நடக்கிறவன் நான்தானே, அவருக்கென்ன.

ஸ்டேஷன் வாசலில் இப்ராகிம் சாயபு காத்திருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். ஊர் ஊராகப் போய் கல், சங்கு, மான் கொம்பு என்று எது அகப்பட்டாலும் வாங்கி விற்கிறவர். எங்கள் கடைக்குக் கடிதத்தில் மட்டும் பழக்கம். கடிதத்தில் ஒல்லியாகத் தெரிந்தார். நேரில் என்னைவிடப் பெரிய தொந்தி.

"ஒரு கல்லு பார்த்து வச்சிருக்கறேங்க" என்றார், என் பெட்டியைக்கூட வாங்காமல். "ஒரு ஜாண் நீளம் இருக்கும். தண்ணி மாதிரி தெளிவு. திண்டிவனத்துக்கு அந்தாண்ட மேல்கல்லேரின்னு ஒரு ஊரு. அங்க சின்னப்பன்னு கெணறு வெட்டறவன் எடுத்து வச்சிருக்கறான். ஜல்தியா போனம்னா பார்த்துடலாம்."

"முதலில் என் வயிற்றைப் பார்ப்போம்" என்றேன்.

காபி கிளப்பில் இட்லியும், எண்ணெய் ஊற்றிய மிளகாய்ப் பொடியும் வந்தன. கொழும்பில் தினமும் ஆப்பமும் தேங்காய்ச் சம்பலும் தின்று மரத்துப்போன நாக்கு அன்றைக்குத்தான் கண் திறந்தது. மோருக்கு இலை ஓரத்தில் கல்லுப்பு வைத்திருந்தார்கள், மரக்காணத்து உப்பளத்தில் விளைந்தது. தொழில் புத்தி போகுமா? சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து உப்பைப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லும் சதுரப் பெட்டி. பெரிய பெட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டு சின்னப் பெட்டி. எந்த அளத்தில் விளைந்தாலும், எவன் காலால் மிதித்தாலும் உப்புக்குச் சதுரம்தான். எங்கள் சிலோனில் ரத்தினபுரிக் குழியில் வரும் சிவப்புக் கல் ஒரு ஜாதிக்கு எட்டு முகம். நீலக் கல்லுக்கு ஆறு பட்டை, நடுவில் பருத்துப் பீப்பாய் போலிருக்கும். ஒன்றின் வடிவத்தை இன்னொன்று எடுக்காது. இதையெல்லாம் சாயபுவிடம் விளக்கினேன்.

"உப்பை மோர்ல போடுங்க, பஸ் போயிடும்" என்றார் அவர்.

பஸ் போகவில்லை. போகிற எண்ணமே அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை. கூரை மேல் மூட்டை ஏறிக்கொண்டே இருந்தது. எல்லாம் நிலக்கடலை. இந்தப் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். கொழும்பில் கச்சான் என்போம். பாதி வழியில் சக்கரத்தில் காற்று இறங்கியது. டிரைவர் நிதானமாக இறங்கிப் பார்த்து, "எல்லாரும் ஒரு அரை மணி அந்த மரத்தாண்ட நில்லுங்க" என்றார். அரை மணி இரண்டரை மணி ஆயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் மடியிலிருந்து வேகவைத்த மல்லாட்டையை எடுத்து, யார் எவர் என்று கேட்காமல் எங்கள் எல்லாருக்கும் கைக்கொரு பிடி கொடுத்தாள். கொழும்பு டிராமில் பத்து வருஷம் ஒரே மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்று திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. சத்திரத்தில் படுத்தேன்.

மறுநாள் மாட்டு வண்டியில் மேல்கல்லேரிக்குப் போனோம். ஊரைத் தாண்டி அரை மைல் தள்ளிச் சேரி. நடுவில் ஒரு மண்கோயில், கூரை மேல் மரச் சிலுவை. சின்னப்பன் வீட்டில் அவன் இல்லை. அவன் மனைவி ஆரோக்கியம் வாசலில் உட்கார்ந்து கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"கல்லு கேட்டு வந்தீங்களா சாயபு? கல்லும் போச்சி, மனுசனும் போயிட்டான்" என்றாள். "மூணு நாளாவுது. போலீசு இட்டுக்கினு போயிடுச்சி."

அவள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். மேல்கல்லேரிக் கிராம முன்சீப்பின் நிலத்தில் சின்னப்பனும் இன்னும் நாலு பேரும் கிணறு வெட்டினார்கள். ஆரோக்கியமும் கூடவே மண் சுமக்கிற கூடைக்காரி. ஆறு ஆள் ஆழத்தில் பாறையில் ஒரு பொந்து தென்பட்டது. அதற்குள் செம்மண்ணோடு சின்னப்பனுக்கு இந்தக் கல் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, மாடத்தில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். சேரி ஜனம் வந்து வந்து பார்த்தது. பேச்சு ஊருக்குள் போயிற்று. முன்சீப்பே நேரில் வந்து பார்த்தார். பார்த்தவர் முகம் மாறிவிட்டதாம். ஊர்ச் சிவன் கோயிலில் பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஸ்படிக லிங்கம் களவு போயிருக்கிறது. இது அதுதான் என்று சொல்லிவிட்டார்.

"கோயிலுக்குள்ள நாங்க போனதே இல்லியே ஐயா" என்றாள் ஆரோக்கியம். "தேர் வர்ற தெருவுலகூட எங்கள உடமாட்டாங்க. உள்ள என்ன இருக்குதுன்னே தெரியாது. தெரியாத எடத்துல எப்படித் திருடறது?"

"இன்ஸ்பெக்டருகிட்ட சொன்னியா?" என்று கேட்டார் சாயபு.

"சொன்னேன். எவன்கிட்டயோ வாங்கி மறைச்சி வச்சிருக்கறான்னு சொல்றாங்க. திங்கக்கெழம கோர்ட்டாம். ஆறு மாசம் போடுவாங்கன்னு சொல்லிக்கினாங்க. இப்ப மாசமா இருக்கறேன் ஐயா. அவரு இல்லன்னா யாரு எனக்கு?"

வெயில் கடுமையாக இருந்தது. அவள் உள்ளே போய் ஒரு மண்சட்டியில் கேப்பைக் கூழைக் கொண்டுவந்து, கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். சாயபு வாங்கி மடமடவென்று குடித்தார். நான் தயங்கினேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். தயங்கிவிட்டுத்தான் குடித்தேன். வெங்காயமும் மோரும் போட்ட கூழ். வயிறு குளிர்ந்தது, மனசுதான் குளிரவில்லை.

"சாயபு, நமக்கேன் இந்த வம்பு? கப்பலுக்கு நாள் இருக்கும்போதே வேறு ஊர் பார்க்கலாம்" என்றேன், வண்டியில் ஏறப் போகும்போது. மெதுவாகத்தான் சொன்னேன். ஆரோக்கியத்துக்குக் கேட்டுவிட்டது.

"ஐயாவுக்குக் கல்லு பார்க்கறதே தொழிலுன்னு சாயபு சொன்னாரே" என்றாள். "அது மனுசன் வெட்டின கல்லா, மண்ணுல வெளைஞ்ச கல்லான்னு நீங்க பார்த்தா தெரியாதுங்களா?"

தெரியும். இருபது வருஷமாக அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டு வண்டி ஏற எனக்கு வாய் வரவில்லை. முன்சீப் வீடு எங்கே என்று கேட்டேன்.

முன்சீப்பைக் கெட்ட மனிதர் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படி இல்லை. ஐம்பது வயது இருக்கும். மோர் வரவழைத்துக் கொடுத்து, உட்காரச் சொல்லி, கொழும்பில் மழை எப்படி என்றெல்லாம் விசாரித்தார். அந்தக் கோயிலுக்குத் தர்மகர்த்தாவும் அவரே.

"எங்கப்பா தர்மகர்த்தாவா இருந்த காலத்துலதாங்க அது காணாமப் போச்சி" என்றார். "ஊரு முழுக்க எங்கப்பா மேலயே சந்தேகம். வாய் விட்டு யாரும் கேக்கல. ஆனா பேச்சு நின்னுபோச்சி. அந்த நெனப்புலயே செத்தாரு. நான் சின்னப் பிள்ள. அந்த லிங்கத்த சரியா பார்த்ததுகூட இல்ல. இப்ப என் நெலத்து வேலைக்காரன் ஊட்ல அது கெடைக்குது. நான் சும்மா இருக்க முடியுங்களா?"

"அது கிணற்றில் கிடைத்தது என்கிறானே?"

"கொழும்பாரே, நீங்க அத்த இன்னும் பார்க்கல. ஆறு பட்டை. நூல் புடிச்சி உளி வச்ச மாதிரி. மேல கூர். அடியில ஒடைஞ்சிருக்குது, ஆவுடையார் பீடத்துலேர்ந்து பேத்து எடுத்திருக்கறாங்க. மண்ணு தன்னால ஆறு பட்டை போடுமா? ஒரு கை இல்லாம இது ஆவுமா?"

அவர் தப்பு எங்கே இருக்கிறது என்று அப்போது எனக்குப் புரிந்தது. ஒழுங்கான வடிவம் இருந்தால் அதன் பின்னால் ஒரு ஆசாரி இருந்தே தீர வேண்டும் என்று நினைக்கிறார். நான் கற்கண்டைச் சொல்லிப் பார்த்தேன். "கற்கண்டுக்குப் பட்டை போடுகிறவன் யார்? பாகு ஆறும்போது தன்னால்தானே பட்டை கட்டுகிறது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பாகு காய்ச்சறதுக்கு ஒருத்தன் இருக்கான் இல்லீங்களா" என்றார்.

சாயபு மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் திண்டிவனம் சப்-ஜெயிலுக்குப் போனோம். சாயபுவுக்குத் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் கம்பிக்கு வெளியே நின்று பேச விட்டார். சின்னப்பன் குச்சி போல் இருந்தான். கை மட்டும் பெரிசு. ஆரோக்கியம் சாப்பிட்டாளா என்று முதலில் கேட்டான். பிறகு பொந்து எங்கே இருக்கிறது என்று நிதானமாகச் சொன்னான். கிழக்குச் சுவர். ஆறாம் ஆள் ஆழம். செம்மண் கோடு ஒன்று மேலிருந்து சாய்ந்து வரும். அது முடிகிற இடம்.

"கல்லை ஏனப்பா எடுத்து வைத்தாய்? முன்சீப்பிடம் கொடுத்திருக்கலாமே?" என்றேன்.

"நல்லாருந்திச்சிங்க."

"நல்லாயிருந்தால்?"

"பார்க்கறதுக்குங்க. காலையில வெயிலு மாடத்துல அடிக்கும். அந்த நேரத்துல அத்த கையில வச்சித் திருப்பினா உள்ள கலர் கலரா ஓடும். வேலைக்குப் போறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் பார்த்துக்கினு இருப்பேன்."

கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பார்க்கறதுக்காம். இத்தைத்தான் இன்ஸ்பெக்டருகிட்டயும் சொன்னான். எவன் நம்புவான்?"

நான் நம்பினேன். எங்கள் கடையில் விற்கிற கல்லையெல்லாம் மனிதர்கள் எதற்கு வாங்குகிறார்கள்? பார்க்கத்தான். அவர்களை யாரும் ஜெயிலில் போடுவதில்லை.

சனிக்கிழமை திரும்பவும் மேல்கல்லேரி. வண்டி மாடு ஒன்று வழியில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்ததால் இரண்டு மைல் நடை. கிணற்று மேட்டில் முன்சீப் வந்து நின்றார். "பாருங்க, எனக்கும் நெஜம் தெரியணும்" என்றார். வெட்டிப் போட்ட கல்லையெல்லாம் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்ச் சம்மட்டியால் தட்டிப் பரப்பிவிட்டார்களாம். அங்கே தேடிப் பிரயோஜனமில்லை. பொந்துக்குள்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாளில் பொந்து முழுகிவிடும்.

"நான் எறங்கி எடுத்தாரேன்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள் ஆரோக்கியம்.

"அங்கியே நில்லு" என்றார் முன்சீப். கோபமாகச் சொல்லவில்லை, மாட்டை ஓட்டுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

விஷயம் இதுதான். போன வெள்ளிக்கிழமை அந்தக் கிணற்றுக்குப் பொங்கல் வைத்து, முதல் தண்ணீர் எடுத்துச் சாமிக்கு ஊற்றியாகிவிட்டது. பொங்கல் வைக்கிற வரைக்கும் அது வெறும் பள்ளம். வெட்டியவர்கள் ஏறலாம், இறங்கலாம், உள்ளேயே கஞ்சி குடிக்கலாம். பொங்கல் வைத்த பிறகு அது கிணறு. வெட்டியவர்கள் கிட்டே வரக்கூடாது. ஆறு ஆள் ஆழம் மண் சுமந்த அந்தப் பெண் நாற்பது அடி தள்ளி ஒரு பனைமரத்தடியில் நின்றாள். எங்கள் ரத்தினபுரியில் குழிக்குள் இறங்குகிறவனுக்கும் கல்லில் பங்கு உண்டு. இங்கே தண்ணீரில்கூடக் கிடையாது. எனக்கு வந்த கோபத்தை அங்கே காட்டவில்லை. காட்டினால் கிணற்றுக்குள் விட மாட்டார்கள். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஆக, இறங்க வேண்டியவன் நான். மாடி ஏறினாலே தலை சுற்றுகிறவன். இடுப்பில் வடக்கயிற்றைக் கட்டி, சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கல் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கினேன். மேலே கயிற்றைப் பிடித்திருந்த சாயபு, "மெதுவாங்க, மெதுவா, கயிறு பழசு" என்று தைரியம் சொன்னார். பாதியில் கண்ணை மூடிக்கொண்டேன். தூரத்திலிருந்து ஆரோக்கியத்தின் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"செம்மண்ணு கோடு தெரியுதுங்களா? அதும் கூடவே எறங்குங்க. இடது கைப் பக்கம். கோடு முடியற எடத்துல கைய உள்ள உடுங்க. தேளு இருக்காது, பயப்படாதீங்க."

தேள் என்ற வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். பொந்துக்குக் கீழே ஒரு முழத்தில் தண்ணீர். கையை விட்டேன். சேறு; அதற்குப் பின்னால் கூர்கூராக ஏதோ விரலைக் கிழித்தது. எனக்குத் தெரிந்த கூர். பூண்டுப் பற்களை நெருக்கி நட்டு வைத்த மாதிரி பாறையிலிருந்து வரிசையாக எழும்பி நிற்கிற பளிங்கு. இடுப்பில் செருகி வந்த உளியால் தட்டித் தட்டி ஒரு தட்டு அகலத்துக்குப் பாறையோடு பெயர்த்து எடுத்தேன். அந்தச் சமயத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வாங்கி விற்கிற கல்லை முளைத்த இடத்தில் தொட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மேலே வந்து கழுவினோம். பட்டாணி அளவிலிருந்து கட்டைவிரல் அளவு வரைக்கும் இருபது முப்பது கற்கள். எல்லாவற்றுக்கும் ஆறு பட்டை. எல்லாவற்றுக்கும் தலையில் கூர். அடி பாறைக்குள்ளேயே வேர் விட்டிருந்தது. முன்சீப் அதைக் கையில் வாங்கி ஒவ்வொரு பட்டையாக விரலால் தடவிப் பார்த்தார்.

"இது வெளைஞ்சதுதான்" என்றார் கடைசியில். "ஒத்துக்கறேன். ஆனா இது சுண்டுவெரலு. அது ஒரு ஜாண். இதுவும் அதுவும் ஒண்ணுன்னு எப்படிச் சொல்றது?"

"அதைத் திங்கட்கிழமை சொல்கிறேன்" என்றேன். வீராப்பாகச் சொல்லிவிட்டு, ஞாயிறு முழுவதும் சத்திரத்தில் வயிற்றுப்போக்கோடு கிடந்தேன். சாயபு எங்கிருந்தோ ஓமத் தண்ணீர் வாங்கி வந்து, "பேஜாரு புடிச்ச ஒடம்பா இருக்குதே உங்களுக்கு" என்று திட்டித் திட்டிக் குடிக்க வைத்தார்.

திங்கட்கிழமை கோர்ட்டில் கூட்டம். சப்-மாஜிஸ்திரேட் மெலிந்த மனிதர், ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மேஜை மேல் அந்தக் கல் இருந்தது. முதல் தடவையாகப் பார்த்தேன். அடிப்பாகம் பால் நிறம். மேலே போகப் போகத் தெளிந்து, நுனியில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற சுத்தம். அதை விலைக்குக் கேட்கத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். அந்த நினைப்பே எனக்கு அப்போது வரவில்லை.

என்னைக் கூண்டில் ஏற்றி, யார் என்ன என்று எழுதிக்கொண்டார்கள். நான் என் கோணமானியை எடுத்தேன். அரைவட்டப் பித்தளைத் தகடு, அதில் ஆணி வைத்து ஆடுகிற இரண்டு கை. கல்லின் இரண்டு பட்டைகள் சேருகிற விளிம்பில் கைகளை அணைத்து வைத்தால் கோணம் எத்தனை டிகிரி என்று தகடு காட்டிவிடும்.

"எஜமான், முதலில் பட்டைகளின் அகலத்தைப் பாருங்கள்" என்றேன். "இது இரண்டு விரல் அகலம். அடுத்தது அரை விரல்கூட இல்லை. அதற்கடுத்தது ஒன்றரை. ஒரு ஆசாரி ஆறு பட்டை போட்டால் ஆறையும் சமமாகப் போடத்தான் பார்ப்பான். இப்படிக் கோணல் மாணலாகப் போட்டால் லிங்கம் என்று யார் வாங்குவார்கள்? இப்போது கோணத்தைப் பாருங்கள்."

ஆறு விளிம்பும் அளந்து காட்டினேன். ஆறும் நூற்றிருபது டிகிரி. மாஜிஸ்திரேட் மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார். "அத்த இப்படிக் குடுங்க" என்று கோணமானியைத் தாமே வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு விளிம்பாக அளந்தார். சரியாக இருந்தது. பிறகு நான் கிணற்றிலிருந்து எடுத்த கட்டியை வைத்தேன். கட்டைவிரல் அளவுக் கல்லை அளந்தார். நூற்றிருபது. சுண்டுவிரல். நூற்றிருபது. கூர் சாய்கிற இடத்தில் வேறு கோணம் உண்டு, நூற்று நாற்பத்திரண்டுக்குக் கொஞ்சம் குறைய. பெரிய கல்லில் எத்தனையோ, சின்னதிலும் அத்தனை. பெரிய கல்லின் பட்டைகளில் குறுக்கே மயிர்க் கோடுகள் ஓடின. சின்னதிலும் அதே கோடுகள், அதே குறுக்கே.

கோர்ட் முழுவதும் காத்திருந்தது. அவர் அளந்துகொண்டே இருந்தார். அளக்கிற சுகம் அவரைப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் முதலில் அப்படித்தான் பிடித்தது.

"பெரிசு சின்னது ஆனாலும் கோணம் மட்டும் மாற மாட்டேங்குதே, ஏன்?" என்றார், மாஜிஸ்திரேட் குரலை மறந்து.

"செங்கல்லை அடுக்குகிற மாதிரி எஜமான். அடுக்குகிற முறை ஒன்றாக இருந்தால் சுவர் எத்தனை பெரிசானாலும் மூலை மாறாது. ஒரு பக்கம் மண் நெருக்கினால் அந்தப் பட்டை குறுகும். கோணம் விட்டுக் கொடுக்காது. இதை யாரும் வெட்டவில்லை. மண்ணுக்குள் தானாக விளைந்தது."

பெரிய கல்லின் உடைந்த அடி இடுக்கிலும், கழுவியும் போகாமல், கிணற்றுச் செம்மண் ஒட்டியிருந்தது. அதையும் காட்டினேன். மாஜிஸ்திரேட் சின்னப்பனைப் பார்த்து, "நீ எதுக்குடா இத்த எடுத்து வச்சே?" என்றார். "பார்க்கறதுக்குங்க" என்றான் அவன். கூட்டம் சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. கல்லை இன்னொரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, களவு நிரூபணமாகவில்லை, விடுதலை என்று எழுதினார். கதவுக்கு வெளியே நின்றிருந்த ஆரோக்கியம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஒழுங்காக ஒரு காரியம் செய்துவிட்டோம் என்று கொழும்பு வரைக்கும் மார்தட்டிக்கொண்டு போயிருப்பேன்.

அப்போது முன்சீப் எழுந்தார். கண்ணில் தண்ணீர்.

"எஜமான், நான் தப்பா நெனச்சிட்டேன். அவன்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்" என்று சின்னப்பன் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார். நடிப்பு இல்லை. "ஆனா இவரு சொன்னத எல்லாரும் கேட்டீங்க. கை படாத, உளி படாத லிங்கம். என் நெலத்துல தானா வெளைஞ்சிருக்குது. எங்கப்பா காலத்துல போன சாமி தன்னால திரும்பி வந்திருக்குது. அத்த கோயிலுக்குக் குடுங்க."

மாஜிஸ்திரேட் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். நிலம் முன்சீப்புடையது, அதில் கிடைத்த கல்லும் அவருடையது. கல்லை அவரிடம் ஒப்படைக்க உத்தரவு. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சாட்சி முடிந்தது, இறங்கலாம் என்றார்கள்.

புதன்கிழமை பிரதிஷ்டை. முன்சீப் என்னை விட மாட்டேன் என்றார். மேளம், சர்க்கரைப் பொங்கல், பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி. கோயிலுக்குள் நான் போனேன். எவரும் என்னை நீ யார் என்று கேட்கவில்லை. கர்ப்பக்கிருகத்து இருட்டில் விபூதி பூசி, பட்டுச் சுற்றி, மாலை போட்டு வைத்திருந்தார்கள். பட்டை ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. முன்சீப் தேம்பித் தேம்பி அழுதார். அந்த மனிதருக்காக எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

வெளியே வந்து, வண்டி நிற்கிற இடத்துக்கு நடந்தேன். ஊர் எல்லையில், புளியமரத்துக்கு அந்தப் பக்கம், சின்னப்பனும் ஆரோக்கியமும் நின்றிருந்தார்கள். வேறு ஊரில் கிணறு வேலை, மறுநாள் போகிறார்களாம். என்னைப் பார்த்துக் கும்பிட வந்தார்கள்.

"உள்ள எப்படிங்க இருக்குது?" என்றான் சின்னப்பன்.

"நன்றாக இருக்கிறது."

"வெளிச்சம் வருதுங்களா அங்க?"

"விளக்கு இருக்கிறது" என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். எனக்குப் பொறுக்கவில்லை. பையைத் திறந்து, கிணற்றிலிருந்து பெயர்த்த கட்டியை எடுத்தேன். அதை முன்சீப் கேட்கவில்லை, கோர்ட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டது. "இதை நீ வைத்துக்கொள்" என்று நீட்டினேன்.

இரண்டு கையாலும் வாங்கினான். புளியமர நிழலைவிட்டு நாலடி வெயிலுக்குப் போனான். இப்படியும் அப்படியும் திருப்பினான். பட்டைகள் மின்னி மின்னி மறைந்தன. அவனும் பார்த்தான், அவளும் எட்டிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சாயபு இரண்டு தடவை வண்டியிலிருந்து கூப்பிட்டுவிட்டார். பிறகு திரும்பி வந்து என் கையில் கொடுத்தான்.

"வேணாங்க" என்றான். "ஊட்ல வச்சா மறுபடியும் யாராச்சும் வருவாங்க. பார்த்துட்டேங்க, போதும்."

நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது என்று ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.